ஒரே வீட்டில் இரண்டு ‘இல்லை’

‘அவரவர்க்கு அவரவர் தர்க்கம்’ என்கிற வாக்கியம் நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஏறக்குறைய ஒரு பழமொழி ஆகிவிட்டது. எண்பதுகளில் அமைப்பியலும் அதற்குப் பின்வந்தவையும் தமிழில் பேசப்படத் தொடங்கியபோது, ஒற்றைத் தர்க்கத்தின் அதிகாரத்துக்கு எதிராகப் பன்மையைச் சொல்லவேண்டிய தேவை இருந்தது. அந்தத் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பிறகு, யோசிக்கத் தூண்டுகிற வாக்கியமாக இருந்தது யோசனையை முடித்துவைக்கிற வாக்கியமாக மாறிவிட்டது. விவாதம் இறுகுகிற இடத்தில் யாராவது ஒருவர் ‘அது உங்க தர்க்கம், இது எங்க தர்க்கம், ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே’ என்கிறார். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைகிறோம்.

இருந்துட்டுப் போகட்டும், சரி. எங்கே இருப்பது? தனித்தனித் தீவுகளாகவா, இல்லை ஒரே பேச்சுக்குள்ளேயா? தனித்தனியாக என்றால் அதற்குப் பெயர் பன்மை இல்லை, பிரிவினை. ஒரே பேச்சுக்குள் என்றால், ஒருவருடைய வாக்கியத்துக்குள் மற்றவருடைய சொல் நுழையும். அப்போது யாருடைய விதி செல்லும்? இந்தக் கேள்வியைத் தத்துவார்த்தப் புகைமூட்டம் இல்லாமல், கணக்காகவே எடுத்துக்கொண்டு அரை நூற்றாண்டாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தர்க்கங்களைக் கூட்டிச் சேர்க்கும் முறைகள் என்று ஒரு துறையே இருக்கிறது. 1996இல் மியூனிக்கில் இதற்கென ஒரு கருத்தரங்கு தொடங்கி, பிறகு தொடர்ந்து நடந்துவருகிறது. பன்மை பேசுகிற நாம் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. எட்டிப்பார்த்தால் நமக்குச் சாதகமாகச் சிலதும், நம் பேச்சின் மென்னியைப் பிடிக்கிற சிலதும் கிடைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தர்க்கம் என்று இங்கே நான் சொல்வது மனப்பாங்கையோ பார்வையையோ அல்ல. எந்த வாக்கியங்களிலிருந்து எந்த வாக்கியம் பெறப்படும் என்று சொல்கிற விதித்தொகுதி, அவ்வளவுதான். இந்தக் குறுகிய அர்த்தத்தில்கூடத் தர்க்கம் ஒன்றல்ல, பல. காலத்தைப் பற்றிய சொற்களுக்கு ஆர்தர் பிரையர் ஐம்பதுகளில் ஒரு தர்க்கம் அமைத்தார். ‘செய்தாக வேண்டும்’, ‘செய்யலாம்’ என்ற கடமைச் சொற்களுக்கு ஃபான் ரிக்ட் 1951இல் ஒன்று அமைத்தார். ‘அறிவான்’, ‘நம்புவான்’ என்பவற்றுக்கு ஹிந்திக்கா 1962இல் ஒன்று. மூன்றும் தனித்தனியே ஒழுங்காக நடப்பவை. ஆனால் மனிதர்கள் அப்படித் தனித்தனியாகவா பேசுகிறார்கள்? ‘இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நேற்றே அவருக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்’ என்கிற சாதாரண வாக்கியத்தில் காலம், அறிவு, கடமை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்த வாக்கியத்திலிருந்து என்ன பெறப்படும் என்று கேட்டால் மூன்று தர்க்கங்களில் எதுவும் தனியாகப் பதில் சொல்ல முடியாது. சேர்த்தாக வேண்டும். சேர்ப்பது ஆடம்பரம் அல்ல, பேச்சே அதைக் கேட்கிறது.

சேர்ப்பதில் உள்ள ஆபத்தைப் பிரையரே 1960இல் மூன்று பக்கத்துக்குள் அடங்கும் ஒரு குறும்புக் கட்டுரையில் காட்டினார். ‘டோங்க்’ என்று ஓர் இணைப்புச் சொல்லை அவர் கண்டுபிடித்தார். ‘அல்லது’ என்பதன் நுழைவு விதியையும் ‘உம்’ என்பதன் வெளியேறு விதியையும் எடுத்து ஒரே சொல்லுக்கு மாட்டினார். அதாவது ‘க’ உண்மை என்றால் ‘க டோங்க் ச’ என்று சொல்லலாம். ‘க டோங்க் ச’ என்றால் ‘ச’ என்று சொல்லலாம். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே நமக்குப் பழகிய விதிகள்தான். சேர்த்தால், எந்த வாக்கியத்திலிருந்தும் எந்த வாக்கியமும் வரும். மழை பெய்கிறது, ஆகவே நிலா சதுரம். தர்க்கம் மொத்தமும் காலி. இரண்டாண்டு கழித்து நுவெல் பெல்னாப் இதற்கு ஒரு நிபந்தனை சொன்னார்: புதிதாக வருகிற சொல், தான் இடம்பெறாத பழைய வாக்கியங்களுக்கிடையே புதிய பெறுதல்களை உண்டாக்கக் கூடாது. வருகிறவர் வரலாம், ஏற்கெனவே இருக்கிறவர்களின் கணக்கை மாற்றக் கூடாது. இந்த நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சேர்ப்பதில் மிக எளியது இணைவு. இரண்டு மோடல் தர்க்கங்களை, அதாவது ‘கட்டாயம்’ போன்ற சொற்களைக் கையாளும் தர்க்கங்களை, எடுத்துக்கொள்கிறோம். இரண்டின் சொற்களையும் ஒரே மொழியில் போடுகிறோம். இரண்டின் விதிகளையும் அப்படியே வைக்கிறோம். இரண்டு சொற்களையும் தொடர்புபடுத்தும் புதிய விதி எதுவும் சேர்ப்பதில்லை. 1991இல் கிராக்ட், வோல்டர் இருவரும், 1996இல் வெளிவந்த கட்டுரையில் ஃபைன், ஷுர்ஸ் இருவரும் இதுபற்றி நல்ல சேதி சொன்னார்கள். பரந்த நிபந்தனைகளின் கீழ், தனித்தனியே இருந்த நற்குணங்கள் சேர்ந்த பின்னும் நீடிக்கும். முழுமை நீடிக்கும்; ஒரு வாக்கியம் தேறுமா தேறாதா என்று இயந்திரத்தனமாகத் தீர்மானிக்க முடியும் என்கிற குணமும் நீடிக்கும். இருப்பவர் கணக்கும் மாறாது. பன்மைவாதிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கொஞ்சம் பொறுங்கள். இந்த வெற்றியின் ரகசியம், இரண்டும் ஒரே அஸ்திவாரத்தின் மேல் நிற்பதுதான். ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’, ‘எனில்’ ஆகியவற்றின் விதிகள் இரண்டுக்கும் பொது. செவ்வியல் தர்க்கத்தின் விதிகள். மாடியில்தான் வித்தியாசம். அதோடு மாடியில் குடியிருக்கும் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பது ஒப்பந்தம். அப்படியிருந்தும் விலை ஏறாமல் இல்லை. ஒரே ஒருவருடைய அறிவைப் பற்றிப் பேசும் எஸ்5 என்ற தர்க்கத்தில், ஒரு வாக்கியம் உண்மையாகக்கூடிய சூழல் உண்டா என்ற கேள்விக்கு விடை தந்தால் அதைச் சீக்கிரம் சரிபார்த்துவிடலாம் என்று லாட்னர் 1977இல் காட்டினார். இருவருடைய அறிவைப் பற்றிப் பேச வேண்டுமென்று இரண்டு எஸ்5களை வெறுமனே இணைத்தாலே அந்த வசதி போய்விடுகிறது என்பது ஹால்பர்ன், மோசஸ் இருவரின் முடிவு. நினைவகம் கட்டுக்குள் இருக்கும். நேரத்துக்கு அப்படி உத்தரவாதம் தெரிந்தவரை இல்லை. ‘நீ அறிவாய் என்று நான் அறிவேன், அதை நீ அறியமாட்டாய்’ என்று ஒருவருக்குள் ஒருவர் புகுந்து புறப்படத் தொடங்கிவிட்டார்கள் இல்லையா, அதுதான் காரணம்.

அடுத்தது பெருக்கம். இரண்டு தர்க்கங்களின் சூழல்களை ஒரு கட்டத்தாளின் குறுக்கும் நெடுக்குமாக வைப்பது. காலம் குறுக்கே ஓடும், அறிவு நெடுக்கே ஓடும். படமாகப் போட்டால் அழகாக இருக்கும். ஆனால் கட்டத்தாளில் வலப்பக்கம் ஓரடி போய் மேலே ஓரடி போவதும், மேலே போய் வலப்பக்கம் போவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். ஆகவே ‘நீ அறிவாய் என்பதை நான் அறிவேன்’ என்பதும் ‘நான் அறிவேன் என்பதை நீ அறிவாய்’ என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. இதை இரண்டு தர்க்கங்களில் எது சொன்னது? எதுவும் சொல்லவில்லை. சேர்த்துவைத்த முறை சொன்னது. கணவனும் மனைவியும் பேசாத ஒன்றைத் தரகர் பேசிமுடித்த மாதிரி. இதற்கு விலையும் அதிகம். இரண்டு எஸ்5களின் பெருக்கத்தில் வேலை அடுக்குக்குறி வேகத்தில் ஏறுகிறது. மூன்று எஸ்5களைப் பெருக்கினால் தீர்மானிக்கும் முறையே கிடையாது. மேடக்ஸ் இதை 1980இல் நிறுவினார். தனித்தனியே சாதுவான மூன்று பேர், சேர்ந்தவுடன் எந்த இயந்திரத்துக்கும் கட்டுப்படாதவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அஸ்திவாரம் ஒன்றாக இருக்கும் தர்க்கங்களைப் பற்றி. நம் விவாதங்களில் வருகிற வித்தியாசம் இப்படிப்பட்டதல்ல. ‘இல்லை’ என்பதற்கே வேறு அர்த்தம் வைத்திருக்கிறவர்கள் சந்தித்துக்கொள்வதுதான் நமக்கு முக்கியம். அப்படி ஒரு சந்திப்பு இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தில் நடந்தது, சண்டையாக நடந்தது.

டச்சுக் கணிதவியலாளர் ப்ரௌவர் 1908இல், ‘ஒன்று அப்படி, அல்லது அப்படி இல்லை, மூன்றாவதுக்கு இடமில்லை’ என்ற பழைய விதியை நம்ப முடியாது என்று எழுதினார். விகிதமுறா எண் ஒன்றை விகிதமுறா அடுக்குக்கு உயர்த்தி விகிதமுறு எண்ணைப் பெறமுடியுமா? முடியும் என்று ஒரு பிரபலமான நிரூபணம் உண்டு. இரண்டின் வர்க்கமூலத்தை அதே அடுக்குக்கு உயர்த்து. விடை விகிதமுறு எண் என்றால் காரியம் முடிந்தது. இல்லையென்றால், அந்த விடையை மறுபடி இரண்டின் வர்க்கமூல அடுக்குக்கு உயர்த்து, 2 வரும். எப்படியும் முடிந்தது. ப்ரௌவரின் வழிவந்தவர்கள் கேட்பார்கள்: ‘எப்படியும்னா எப்படி? ரெண்டுல எதுன்னு சொல்லலையே.’ சொல்லாதவரை அது நிரூபணம் இல்லை. (எது என்பது கெல்ஃபாண்ட், ஷ்னைடர் இருவரின் தேற்றத்திலிருந்து தெரியும், இரண்டாவதுதான்.) இவர்களுக்கு ‘உண்மை’ என்றால் கையில் நிரூபணம் இருப்பது. ‘இல்லை’ என்றால், அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் முரண்பாட்டில் போய் முடியும் என்பதற்கு நிரூபணம் இருப்பது. ஆகவே ‘இல்லை என்பது இல்லை’ என்று காட்டியதால் ‘உண்டு’ என்று ஆகிவிடாது. 1930இல் ஹேய்டிங் இதை விதிகளாகத் தொகுத்தார். உள்ளுணர்வுவாதத் தர்க்கம் என்று பெயர்.

ஹில்பர்ட்டுக்கு இது பொறுக்கவில்லை. அந்த விதியைக் கணிதவியலாளனிடமிருந்து பறிப்பது குத்துச்சண்டைக்காரனிடம் கைமுட்டியைப் பயன்படுத்தாதே என்பது போல என்றார். 1928இல் கணித உலகின் முக்கியமான ஜெர்மானிய இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவிலிருந்து ப்ரௌவரை நீக்கவும் செய்தார். லியோதார் 1983இல் எழுதிய நூலில் ஒரு வகைத் தகராறைப் பற்றிப் பேசுகிறார்: இரு தரப்புக்கும் பொதுவான விதி இல்லாததால், எந்தத் தீர்ப்பும் ஒரு தரப்பின் மொழியிலேயே எழுதப்பட்டு மறுதரப்புக்கு அநீதியாகிவிடும் தகராறு. ஹில்பர்ட் - ப்ரௌவர் விவகாரத்தை அதற்கு உதாரணமாக நான் சொல்வேன். ஆனால் லியோதாரோடு நின்றுவிட்டால் நமக்குக் கிடைப்பது துக்கம் மட்டும்தான். தர்க்கவியலாளர்கள் ஒரு படி மேலே போய்க் கேட்டார்கள்: இருவரையும் ஒரே மொழியில், சம உரிமையோடு, உண்மையாகவே குடிவைத்துப் பார்த்தால் என்ன நடக்கும்?

நடப்பது இதுதான். இரண்டு ‘இல்லை’களை வைத்துக்கொள்வோம். ஒன்று செவ்வியல் இல்லை, மற்றது உள்ளுணர்வுவாத இல்லை. இருவருக்கும் பொதுவான இரண்டு விதிகள் உண்டு. முதல் விதி: ஒரு வாக்கியமும் அதன் ‘இல்லை’யும் சேர்ந்தால் முரண்பாடு. இரண்டாம் விதி: ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு முரண்பாட்டுக்கு வந்துவிட்டால், அதன் ‘இல்லை’யைச் சொல்லலாம். அவரவர் ‘இல்லை’க்கு அவரவர் இதைச் சொல்கிறார்கள். இப்போது ‘க’ என்பதன் உள்ளுணர்வுவாத ‘இல்லை’ நம் கையில் இருக்கிறது என்று கொள்வோம். கூடவே ‘க’வையும் எடுத்துக்கொள்வோம். முதல் விதிப்படி முரண்பாடு. முரண்பாடு வந்துவிட்டதால், செவ்வியல்காரர் தம் இரண்டாம் விதியைப் போட்டு ‘க’வின் செவ்வியல் ‘இல்லை’யைப் பெற்றுக்கொள்கிறார். அதே போல இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமும் போகலாம். ஆக இரண்டு ‘இல்லை’யும் ஒன்றுக்கொன்று சமம். செவ்வியலில் இரட்டை ‘இல்லை’ விழுந்து ‘உண்டு’ ஆகும். சமம் என்பதால் உள்ளுணர்வுவாதத்திலும் விழுகிறது. அதை விழவிட மாட்டேன் என்பதுதானே அவருடைய கொள்கை முழுவதும்? போயிற்று. பெயர்ப்பலகை ரெண்டு, ஆள் ஒண்ணு.

இந்தச் சரிவைக் கார்ல் பாப்பர் 1948லேயே கவனித்தார். 1982இல் ஜே. எச். ஹாரிஸ் இதை விரிவாகப் பேசினார். தொண்ணூறுகளில் டோவ் காபாய் தம் சேர்ப்பு முறையை அமைத்தபோது மறுபடி குறுக்கே வந்து நின்றதும் இதுவே. இதில் என்னைக் கலவரப்படுத்துகிற விஷயம், செவ்வியல் தர்க்கம் இங்கே எந்த அட்டூழியமும் செய்யவில்லை என்பதுதான். படையெடுப்பு இல்லை, தணிக்கை இல்லை, ஆசிரியர் குழுவிலிருந்து நீக்கம் இல்லை. இருவருக்கும் ஒரே மொழி, ஒரே உரிமை, ஒரே விதி. அந்தச் சமத்துவமே மெலிந்ததை விழுங்கிவிட்டது. இரட்டை ‘இல்லை’யை ஏற்றுக்கொள்கிறவர் கூடுதலாக ஒரு விதி வைத்திருக்கிறார், கூடுதல் விதி உள்ளவர் ஜெயிக்கிறார். மறுக்கிறவரின் கையில் விதி இல்லை, மறுப்பு மட்டும்தான் இருக்கிறது. பெல்னாப்பின் நிபந்தனையை வைத்துப் பார்த்தாலும் கணக்கு மாறுவது ஒரு தரப்புக்கு மட்டும்தான்.

‘ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே’ என்பவருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். இருக்கவிட்டால் இருக்காது.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது, விலை கொடுத்தால். 1996இல் ஃபரின்யாஸ் தெல் செர்ரோ, ஹெர்ட்ஸிக் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். கிரிப்கே 1965இல் காட்டியபடி, உள்ளுணர்வுவாதியின் உலகத்தை வளர்ந்துகொண்டே போகும் அறிவின் கட்டங்களாகப் பார்க்கலாம். ஒரு கட்டத்தில் நிரூபணமானது பிறகு எந்தக் கட்டத்திலும் கைவிட்டுப் போகாது. அவருடைய ‘இல்லை’ என்பது ‘இனி எந்தக் கட்டத்திலும் இல்லை’. செவ்வியல் ‘இல்லை’யை அதே படத்தில் வைத்தால் ‘இந்தக் கட்டத்தில் இல்லை’ என்று ஆகும். அது நாளைக்கு மாறக்கூடிய வாக்கியம். இன்றைக்கு மட்டும் செல்லுபடியாகிற ஒன்றை ஆதாரமாக வைத்து என்றைக்கும் செல்லுபடியாகிற ‘இல்லை’யைப் பெறக் கூடாது என்று உள்ளுணர்வுவாதியின் விதியைக் கட்டுப்படுத்தினால் சரிவு நின்றுவிடுகிறது. இங்கே விலை கொடுத்தவர் யார் என்று பாருங்கள். உள்ளுணர்வுவாதி. தன் வீட்டில் நிபந்தனையில்லாமல் புழங்கிய விதிக்கு, கூட்டுவீட்டில் நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறார்.

2015இல் தாக் பிராவிட்ஸ் இன்னொரு வழி சொன்னார். கிறிஸ்தவ சபைகளின் ஒன்றிப்பைக் குறிக்கும் ‘எக்குமெனிக்கல்’ என்ற சொல்லால் அந்த வழி அறியப்படுகிறது; பிரேசிலில் இதைத் தொடர்ந்து வளர்த்துவருகிறார்கள். அவருடைய ஏற்பாட்டில் ‘இல்லை’யும் ‘உம்’மும் ‘எல்லாம்’ என்பதும் இருவருக்கும் பொது. ‘அல்லது’, ‘எனில்’, ‘ஏதோ ஒன்று’ இவை மட்டும் இரண்டிரண்டு. அந்தந்தச் சொல்லை யார் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று ஒட்டுக்குறி போட்டே எழுத வேண்டும். இங்கே விலை கொடுப்பவர் செவ்வியல்காரர். செவ்வியல் அர்த்தத்தில் ‘க எனில் ச’ என்றும், ‘க’ என்றும் தெரிந்தால், பொதுவாக ‘ச’ கிடைக்காது. ‘ச’வை மறுக்க முடியாது என்பது மட்டும்தான் கிடைக்கும். தர்க்கத்தின் உயிர்நாடி என்று பள்ளியிலிருந்து சொல்லித்தருகிற விதியை அவர் இங்கே தளர்த்திக்கொள்கிறார். ஹில்பர்ட் இதற்கு ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

காபாய் இதையெல்லாம் உள்ளடக்கும் பொதுமுறை ஒன்றை முன்வைத்தார். 1996 கட்டுரையின் தலைப்பிலேயே இழைகளும் நெசவும் வருகின்றன. 1998இல் நூலாகவும் வந்தது. ஒரு தர்க்கத்தின் சூழலில் ஒரு வாக்கியத்தை மதிப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றத் தர்க்கத்தின் சொல் எதிர்ப்பட்டால், அந்தத் தர்க்கத்தின் சூழலுக்குத் தாவி, அங்கே மதிப்பிட்டு, விடையோடு திரும்பி வர வேண்டும். யோசனை அழகானது. ஆனால் தாவுவதற்கும் திரும்புவதற்கும் ஒரு விதி வேண்டும் அல்லவா? அந்த விதியை எப்படி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சரிவு வரும் அல்லது வராது. சேர்ப்பு முறையில் நடுநிலை என்ற ஒன்று இல்லை என்பதை, காபாயின் பொதுமுறை மறைக்கவில்லை. ஒவ்வொரு தாவலிலும் அதைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிறது. லிஸ்பனிலும் காம்பினாஸிலும் செர்னதாஸ், கார்னியெல்லி, கோனில்யோ ஆகியோர் பிறகு செய்த வேலைகளில் பெரும்பகுதி, இந்தச் சரிவைத் தவிர்க்க எங்கே கட்டுப்படுத்துவது என்பதைப் பற்றியதுதான்.

சேர்க்காமலே ஒன்றை மற்றொன்றுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. கெடல் 1933இல், உள்ளுணர்வுவாதத் தர்க்கத்தை எஸ்4 என்ற மோடல் தர்க்கத்துக்குள் வாசிக்கலாம் என்று காட்டினார். ‘கட்டாயம்’ என்பதை ‘நிரூபிக்கத்தக்கது’ என்று எடுத்துக்கொண்டால் போதும். எதிர்த்திசையிலும் போகலாம். செவ்வியலில் தேறுகிற ஒவ்வொரு வாக்கியத்தின் இரட்டை ‘இல்லை’யும் உள்ளுணர்வுவாதத்தில் தேறும் என்று கிளிவெங்கோ 1929லேயே, இந்த நான்கு இணைப்புச் சொற்களின் அளவுக்கு, காட்டியிருந்தார். தேற்றங்கள் பிசகாமல் இடம்பெயர்கின்றன. ஆனால் இடம்பெயர்வது தேற்றம்தான், அர்த்தம் இல்லை. கணிதம் மொழிக்கு முந்திய மனச்செயல் என்று கருதிய ப்ரௌவரிடம் போய், ‘உங்க இல்லை எங்க மொழியில கட்டாயம் இல்லைன்னு அர்த்தம்’ என்றால், ‘நான் சொன்னது அதுவல்ல’ என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்த மொழிபெயர்ப்பு உத்தி தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயக் கணக்கர்கள் ஒவ்வொருவராக வந்து தத்தம் அளவைகளைச் சொல்கிறார்கள். வைதிகவாதி பத்து அளவைகளை அடுக்குகிறார். ‘பாருங்கள், எத்தனை பன்மை’ என்று நம்மில் சிலர் இந்தக் காதையைக் கொண்டாடுவதுண்டு. இரண்டு காதை தள்ளிப் போனால் அறவண அடிகள் அளவை இரண்டே என்கிறார்: காட்சி, கருத்து. மற்றவை எல்லாம் கருத்தளவைக்குள், அதாவது அனுமானத்துக்குள், அடங்கும். யாரும் வெளியேற்றப்படவில்லை, எல்லோரும் அனுமானத்தின் உள்பிரிவுகளாக இடம்பெற்றுவிட்டார்கள். உவமையைத் தனி அளவை என்று வாதிடுகிறவருக்கு, அது அனுமானத்தின் ஒரு வகை என்று சொல்லி இடம்கொடுப்பது இடம்கொடுப்பதா? காப்பியத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. அது தன் தரப்பை மறைக்கவே இல்லை. கேட்டு முடித்த பிறகு எந்த வீட்டில் யார் விருந்தாளி என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. பன்மைக் கொண்டாட்டமாக அதை வாசிக்கிற நாம்தான் 27இல் நின்றுகொண்டு 29ஐ மறைக்கிறோம்.

சேர்க்காமலும் விழுங்காமலும் இருப்பதற்குப் போலந்துத் தர்க்கவியலாளர் யாஷ்கோவ்ஸ்கி 1948இல் ஒரு மாதிரி தந்தார். ஒரு விவாதத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ‘க’ என்கிறார், இன்னொருவர் ‘க இல்லை’ என்கிறார். விவாதக் குறிப்பேட்டில் இரண்டும் பதிவாகின்றன; இரண்டும் ‘இங்கே ஒருவரால் சொல்லப்பட்டது’ என்கிற அளவில் நிற்கின்றன. செவ்வியலில் முரண்பாடு வந்தால் எது வேண்டுமானாலும் வந்துவிடும், இங்கே வராது. காரணம், ஒருவர் சொன்ன ‘க’வையும் இன்னொருவர் சொன்ன ‘க இல்லை’யையும் ‘உம்’ போட்டு ஒரே வாக்கியமாக்க அனுமதி கிடையாது. இங்கே பலி ‘உம்’மின் விதி. அதைப் பலிகொடுத்தால் முரண்படுகிறவர்கள் இருவரும் பிழைக்கிறார்கள், விவாதமும் சிதறாமல் நிற்கிறது. ஆனால் இருவர் சொன்னதையும் சேர்த்துப் புதிதாக ஒன்றைப் பெறுவது அவ்வளவு சுலபமில்லை. யார் சொன்னதையும் யார் சொன்னதோடும் கூட்டக் கூடாது என்றால், விவாதம் பதிவேடாகச் சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. நம் இதழ்களில் வரும் எதிர்வினைப் பக்கங்களைப் படித்தால் இந்த ஆபத்து என்னவென்று விளங்கும்.

தர்க்கவியலாளர்கள் மேல் எனக்கு விமர்சனம் உண்டு. இந்தத் துறையில் மிகுதியாகக் கொண்டாடப்படுவது ‘இன்ன குணம் நீடிக்கிறது’ என்கிற வகைத் தேற்றங்கள். சேர்ந்த பின் தீர்மானிக்கும் முறை இருக்கிறதா, முழுமை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சேர்ந்தவர்கள் தாங்கள் சொல்ல வந்ததைச் சொல்ல முடிகிறதா என்பது இரண்டாம் பட்சம் ஆகிவிடுகிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. உள்ளுணர்வுவாதத்தையும் செவ்வியலையும் சேர்ப்பது பற்றிய தேற்றங்களே பெரும்பாலும் செவ்வியல் கணங்களின் மொழியில், செவ்வியல் ‘இல்லை’யை வைத்துத்தான் நிரூபிக்கப்படுகின்றன. வழக்கு இருவருக்கும் இடையில், நீதிபதி ஒரு தரப்பு உறவினர். இதைத் தீயநோக்கு என்று நான் சொல்லவில்லை. ஏதோ ஒரு மொழியில்தான் நிரூபித்தாக வேண்டும். ஆனால் எந்த மொழியில் என்பதைச் சேர்ப்புக் கணக்கின் விலைப்பட்டியலில் ஒரு வரியாக எழுதியிருக்க வேண்டும்.

அப்படியும், நம்மைவிட அவர்கள் நேர்மையானவர்கள் என்பேன். அவர்கள் விலைப்பட்டியல் போடுகிறார்கள். எந்த விதி கட்டுப்படுத்தப்பட்டது, எந்தச் சொல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது, எந்தத் தரப்பு தளர்ந்தது, வேலை எவ்வளவு ஏறியது என்று வரிவரியாக எழுதுகிறார்கள். நாம் ‘பன்மை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறோம். விலை இல்லாமல் இல்லை. எழுதப்படாததால் அது எப்போதும் கூடுதல் விதி இல்லாதவர் தலையில், மறுப்பு மட்டும் கையில் உள்ளவர் தலையில் போய் விழுகிறது. சமமாகத்தானே நடத்தினோம், பிறகு ஏன் காணாமல் போனார் என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். அவர் காணாமல் போனது அந்தச் சமத்துவத்தால்தான் என்று மேலே சொன்ன ஐந்து வரி நிரூபணம் காட்டுகிறது.

ஆகவே, ‘எல்லாத் தர்க்கங்களும் சேர்ந்து வாழலாம்’ என்று இனி யாராவது எழுதினால், அவரிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்தச் சொற்கள் பொது, எவை இரண்டிரண்டு? யாருடைய எந்த விதி கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது? இந்த ஏற்பாட்டை எந்தத் தரப்பின் மொழியில் எழுதியிருக்கிறீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் பேச்சைத் தொடரலாம். இல்லையென்றால் அவர் சொல்லும் பன்மையில் எத்தனை ‘இல்லை’ உண்மையாகவே மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.